இட்டேரியில ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து

ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் மஹிந்திரா தார் வாங்கலாமா, மாருதி ஜிம்னியா, ஃபோர்ஸ் கூர்க்காவா என்று நம்ம கொங்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேள்வி வருகிறது. கோவை அவிநாசி ரோட்டில் ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கும் டெஸ்ட் டிரைவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாதுங்க. அந்த ரோட்டில் எந்த வண்டியும் நல்லாத்தான் போகும். நம்ம ஊரில் இந்த வண்டிகளுக்கு வேலை ஆரம்பிப்பதே ரோடு முடிகிற இடத்தில்தான்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். இஞ்சின், டார்க் (சக்கரத்தைத் திருப்புகிற விசை) எல்லாம் அப்புறம். எங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரி மாட்டு வண்டிக்காக விட்ட தடம். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்கு உள்ளே கல்லு. ஜிம்னியின் அகலம் 1645 மி.மீ. ஐந்து கதவு தார் ராக்ஸ் 1870 மி.மீ. வித்தியாசம் 225 மி.மீ., ஏறக்குறைய ஒரு சாண். காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டு போகிறவர் டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்டில் எதிரே வந்தால், யார் பின்னால் எடுப்பது என்பதை முடிவு செய்வது அந்த ஒரு சாண்தான். மூணு கதவு தார் இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்கும்.

அடுத்தது நடுமேடு. டிராக்டர் ஓடி ஓடி ரெண்டு சக்கரத் தடமும் குழிந்து, நடுவில் மண் திட்டு நிற்கும். தாருக்கு 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி), ஜிம்னிக்கு 210. காகிதத்தில் இது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பள்ளமும் மேடும் மாறி மாறி வரும் இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கும். சாதா டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கர அமைப்பு) இருந்தால் பலமெல்லாம் அந்தச் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கே போய்விடும், மண்ணில் இருக்கிற சக்கரம் அசையாது. இதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. ஜிம்னியில் சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து, பலத்தை அடுத்த சக்கரத்துக்குத் திருப்புகிறார்கள். ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டான ஆக்சில் என்பதால் சக்கரம் நிலத்தை லேசில் விடுவதும் இல்லை. தாரின் சில விலை கூடிய வேரியன்ட்டுகளில் பின் ஆக்சில் தானாகவே பூட்டிக்கொள்ளும், அதாவது ரெண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும். கூர்க்காவில் முன்னும் பின்னும் ரெண்டையும் ஓட்டுகிறவரே பூட்டலாம். சுத்தமான ஆஃப்ரோடுக்கு கூர்க்காதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். தினமும் கோபிக்கும் ஈரோட்டுக்கும் போய் வருகிறவருக்கு அதையே சொல்ல மாட்டேன்.

டார்க் கணக்கில் டீசல் தார் 300 நியூட்டன் மீட்டர், ஜிம்னி 134. அதைப் பார்த்துவிட்டு ஜிம்னியை ஒதுக்கிவிடாதீர்கள். ஜிம்னி சுமார் 1200 கிலோ, மற்றவை அதைவிட அரை டன்னாவது கனம். சேற்றில் கனம்தான் எதிரி.

உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு அடுத்த நாள் மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு பெரிய வண்டியை இறக்கினார்கள். ஷோரூமில் போட்டுக் கொடுத்த டயர், ரோட்டுக்கான பட்டன் (டயர் மேல் இருக்கிற வெட்டு). கரிசல் மண் பட்டனுக்குள் அப்பிக்கொண்டு டயர் மொழுக்கென்று ஆகிவிட்டது. நாலு சக்கரமும் சுற்றியது, வண்டி நகரவில்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்தது. மண்ணுக்கு ஏற்ற டயர் போட்டு, உள்ளே இறங்கும் முன் காற்றை இருபது பி.எஸ்.ஐ.க்குக் குறைத்திருந்தால் டயர் படிகிற பரப்பு கூடி, பாதி வேலை முடிந்திருக்கும். டிக்கியில் சின்ன கம்ப்ரசர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டுக்கு ஏறினதும் காற்றை மறுபடி ஏற்றாமல் வேகம் எடுக்கக் கூடாது.

தாளவாடியிலிருந்து

அண்ணன் சொன்னது அத்தனையும் சரிங்க. மலைப் பக்கத்து விஷயம் ரெண்டு நான் சேர்க்கிறேன். வருஷக்கணக்கா ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன், புது வண்டிகளும் ஓட்டியிருக்கேன்.

திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு. அங்க ஃபோர் வீல் போட்டு ஓட்டறவங்களைப் பார்க்கிறேன், வேண்டாமுங்க. இந்த வண்டிகள்ல ஃபோர் வீல் போட்டா முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்துல பூட்டிக்கும். வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் போற தூரம் வேற, பின் சக்கரம் போற தூரம் வேற. மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரி பண்ணிக்கும். காஞ்ச தார் ரோட்டுல வழுக்க வழியில்லாம கியர்பாக்ஸ் முறுக்கிக்கும். மலை இறங்க ரெண்டாவது கியர் போதும். எந்த கியர்ல ஏறினோமோ அதே கியர்ல இறங்கணும்னு எங்க பெரியவங்க சொன்னது இன்னைக்கும் மாறலை.

ஃபோர் லோ, அதாவது வேகம் குறைஞ்சு இழுவை கூடற ஃபோர் வீல் கியர், வேற சங்கதி. கல்லுத் தடத்துல இறங்கறப்போ லோ போட்டு முதல் கியர்ல விட்டா, பிரேக்குல கால் வைக்காமலே வண்டி ஆளு நடக்கிற வேகத்துல இறங்கும். மழைக்காலத்துல உசுரைக் காப்பாத்தறது அந்தக் குட்டி லிவர்தான்.

தண்ணி பத்தி. தார் 650 மி.மீ., கூர்க்கா 700 மி.மீ. ஆழம் தாண்டும்னு கம்பெனி சொல்றது நின்ன தண்ணிக்கு. கடம்பூர் மலையில மாக்கம்பாளையம் போற வழியில குரும்பூர் பள்ளம், சக்கரைப் பள்ளம்னு காட்டாறு இருக்கு. மேல காட்டுல மழை பேஞ்சா இங்க வெயில் அடிக்கறப்பவே செந்தண்ணி வந்து பஸ்ஸையே நிறுத்திப் போட்டிருக்கு. ஓடற தண்ணி முழங்கால் ஆழம் இருந்தாலே வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும். நடந்து பார்க்க முடியாத பள்ளத்துல வண்டியை இறக்காதீங்க. காத்திருந்தா வடிஞ்சுரும். நடுவுல இஞ்சின் நின்னு போச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டனைத் தள்ளற கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். கரை ஏறினதும் பிரேக்கை லேசா மிதிச்சு மிதிச்சு காய வைங்க. ஊட்டுக்கு வந்து டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்க, பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்துருச்சு, உடனே மாத்தணும்.

பொள்ளாச்சியிலிருந்து

தென்னந்தோப்பும் வீடும் சேர்ந்து பார்க்கிற பொம்பளையாகச் சொல்கிறேன். நீங்கள் ரெண்டு பேரும் பின் சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

மூணு கதவு தாரில் பின்னால் உட்கார, முன் சீட்டை மடித்து ஏற வேண்டும். முழங்கால் வலிக்கிற எங்கள் அம்மிச்சியை அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாது. ஜிம்னியில் ஐந்து கதவு உண்டு, ஆனால் நாலு பேர்தான். நாலு பேர் உட்கார்ந்த பின் டிக்கி 208 லிட்டர். கல்யாணத்துக்குச் சீர்த்தட்டு கொண்டு போகிற வீட்டுக்கு அது பற்றாது. ராக்ஸில் ஐந்து பேர் வசதியாகப் போகலாம். ஆனால் அதில் ஃபோர் பை ஃபோர் வேண்டும் என்றால் டீசல்தான், விலையும் ஏறும்.

இன்னொன்று. எங்கள் தோப்பு செம்மண், தண்ணீர் நிற்காது. இங்கே பின் சக்கர டிரைவ் வண்டிக்கே ரோடு, மண் ரெண்டுக்கும் ஆகிற நல்ல ஆல் டெரெய்ன் டயர் போட்டால் வருஷம் முழுக்கப் போய் வரலாம். ஃபோர் பை ஃபோருக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எல்லோருக்கும் தேவை இல்லை. காய் ஏற்ற எப்படியும் பிக்கப் தனியாக வரத்தான் செய்கிறது. உங்கள் மண் எது என்று முதலில் பாருங்கள்.

மறுபடி கோபியிலிருந்து

அம்மிணி சொன்ன பின் சீட்டு விஷயத்தை நான் விட்டிருக்கக் கூடாது, நன்றிங்க. தாளவாடித் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகம். புது வண்டி வந்ததும் காட்டுப் பள்ளத்துக்குள் இறக்கி வீடியோ எடுக்கிற பழக்கம் கூடி வருவது மனசை வருத்துகிறது. கோடையில் அந்தப் பள்ளத்துத் தண்ணீர்தான் யானைக்கும் மானுக்கும் இருக்கிற தண்ணீர். அனுமதி இல்லாமல் போவது குற்றமும்கூட. பழக வேண்டும் என்றால் சொந்தக்காரர் தோட்டத்தில், அறுப்பு முடிந்த விவசாயக் காட்டில் கேட்டுவிட்டுப் பழகுங்கள். மலைக்காட்டில் கற்றுக்கொள்கிற அத்தனையும் அங்கேயே கிடைக்கும்.

வாங்குகிறவர்கள் டீலரிடம் அரை நாள் வண்டி கேளுங்கள். வீட்டு ஆட்களை ஏற்றி, பின்னால் ரெண்டு மூட்டை தவிட்டை வைத்து, உங்கள் இட்டேரியில் ஓட்டுங்கள். கிணற்று மேட்டு ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். ஃபோர் லோவை நீங்களே போட்டுப் பாருங்கள். வேலி ஓரம் ரிவர்ஸ் எடுத்து, பின்னால் என்ன தெரிகிறது, என்ன மறைகிறது என்று கவனியுங்கள். தர மாட்டேன் என்றால் அடுத்த ஊர் டீலரிடம் போங்கள். ஈரோடு, திருப்பூர், கோவை மூணும் பக்கத்தில்தான் இருக்கிறது.