வார ஊசி, கிளிப்டின் மாத்திரை: கவுன்டரிலும் கிளினிக்கிலும் பார்த்தவை

மருந்தாளுநர்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு வார ஊசி (செமாகுளுடைடு அல்லது டிர்செபடைடு) தொடங்கியவர்கள் மூன்றாம் வாரம் கடைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "சுகர் இன்னும் இறங்கலை, பெரிய அளவு பேனா தாங்க." தரக் கூடாது. செமாகுளுடைடு 0.25 மி.கி. என்பது சர்க்கரையை இறக்கக் கொடுப்பதில்லை, வயிறு பழகக் கொடுப்பது. 4 வாரம் அது, பிறகுதான் 0.5. அதிலும் 4 வாரமாவது இருந்து பார்த்து, தேவைப்பட்டால் 1 மி.கி. டிர்செபடைடில் 2.5 மி.கி. 4 வாரம், அடுத்து 5. அதற்கு மேல் போவதானால் 4 வாரத்துக்கு ஒருமுறை 2.5 மி.கி. கூட்டலாம், உச்சம் 15. எல்லாரும் உச்சிக்குப் போயாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 5 மி.கி.யிலேயே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 7-க்குக் கீழே வந்து நிற்பவருக்கு 7.5 எதற்கு?

படி தாண்டியவர்கள்தான் வாந்தியோடு வந்து, "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்று பேனாவைத் திருப்பித் தருகிறார்கள். நல்ல மருந்தை இப்படி இழப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

ஊசி போட மறந்தால்: செமாகுளுடைடு என்றால் 5 நாளுக்குள், டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் போடுங்கள். விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. தொடர்ந்து சில வாரங்கள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்காதீர்கள். வயிறு பழக்கம் விட்டிருக்கும், மருத்துவரைக் கேளுங்கள்.

நீரிழிவுப் பிரிவு செவிலியர்

சார் படி ஏறுவதைச் சொன்னார். ஊசியில் இழுக்கும் இடத்தில் நடக்கிற தவற்றை நான் சொல்கிறேன். டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் சின்னக் குப்பியில்தான் வந்தது. குப்பியில் இருப்பது 0.5 மி.லி., அவ்வளவும் ஒரே டோஸ். நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை: சிவப்பு மூடி 40 யூனிட், ஆரஞ்சு மூடி 100 யூனிட். ஆரஞ்சில் 0.5 மி.லி. என்பது 50-வது கோடு. சிவப்பில் அதே 0.5 மி.லி. 20-வது கோடு. "50 வரைக்கும் இழுங்க" என்று யாரோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கும் சிவப்பு மூடியை எடுத்தால், 20-லேயே குப்பி காலியாகிவிடும். "பாதி மருந்துதான் வந்திருக்கு" என்று இரண்டாவது குப்பியைத் திறந்தால் முடிந்தது கதை, இரட்டை டோஸ். ஆகவே யூனிட் கணக்கே பேசாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு குப்பி, அதோடு நிறுத்துங்கள்.

காசு மிச்சம் என்று 5 மி.கி. குப்பியைப் பாதி பாதியாக இரண்டு வாரம் போடுவதும் வேண்டாம். அதில் கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை. ரப்பரை ஒருமுறை குத்திய பிறகு மிச்சம் குப்பைக்குத்தான்.

பேனாவிலும் வித்தியாசம் உண்டு. செமாகுளுடைடு பேனாவில் (ஓசெம்பிக் வகை) புதுப் பேனாவின் முதல் ஊசிக்கு முன் மட்டும் சொட்டு வருகிறதா என்று பார்த்தால் போதும். டிர்செபடைடு குவிக்பென்னில் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். 4 டோஸ் முடிந்த பிறகும் அதன் உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். அது சொட்டுப் பார்ப்பதற்காகக் கூடுதலாக வைத்தது. சிரிஞ்சு விட்டு உறிஞ்சி எடுத்து ஐந்தாவது டோஸாகப் போடுவதற்கில்லை.

பொத்தானை அழுத்தியதும் வெடுக்கென்று ஊசியை உருவிவிடுகிறார்கள், தோலில் ஒரு துளி நிற்கிறது. கணக்கில் 0 வந்த பிறகும் மெதுவாக ஆறு எண்ணி, அப்புறம் எடுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிறு, இல்லாவிட்டால் தொடை. ஒவ்வொரு வாரமும் இடம் மாற வேண்டும். ஊசிமுனையைப் பேனாவிலேயே விட்டு வைத்தால் மருந்து கசியும், காற்றும் ஏறும். போட்டதும் கழற்றி, மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். வெறுமனே குப்பைப் பையில் போட்டால் அள்ளுகிறவர் கையில் குத்தும்.

சர்க்கரை நோய் மருத்துவர்

பழைய மருந்துச் சீட்டைப் பார்க்காமல் புது ஊசி எழுதுவதுதான் பெரிய ஆபத்து. இந்த ஊசி தனியாக லோ சுகர் கொண்டுவருவது அரிது, ஏனென்றால் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இன்சுலினைத் தூண்டுகிறது. கூட குளிமிபிரைடோ கிளிகிளசைடோ இன்சுலினோ ஓடினால் நிலைமை வேறு. பசி குறைந்து சாப்பாடு பாதியாகிறது, பழைய மாத்திரை மட்டும் பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. காலை 11 மணிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. எச்பிஏ1சி ஏற்கெனவே 8-க்குக் கீழே இருந்தால் தொடங்கும் நாளிலேயே குளிமிபிரைடைப் பாதியாக்கி, இன்சுலினை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது வழக்கம். இன்சுலினை ஒரேயடியாக நிறுத்துவது கீட்டோஅசிடோசிஸுக்கு (இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவில் சேர்வது) வழி.

அடுத்தது கிளிப்டின். சாப்பிட்டதும் குடல் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுமார் 2 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது, டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிவிடுவதால். சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் எல்லாம் அந்த நொதியைத் தடுக்கிறவை. ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் ஊசி மருந்தோ அந்த நொதிக்கு எளிதில் அகப்படாதபடி உருவாக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தால் செலவுதான் கூடும். ஆனால் மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையில் வில்டாகிளிப்டின் ஒளிந்திருப்பது முன்பக்கப் பெயரில் தெரியாது. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

கிளிப்டின் மட்டுமே போதுமானவர்கள் நிறையப் பேர், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். சிறுநீரகத்தை மட்டும் பாருங்கள். சிடாகிளிப்டின் 100 மி.கி. என்பது இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 45-க்குக் கீழே போனால் 50, 30-க்குக் கீழே 25. லினாகிளிப்டின் 5 மி.கி.யை மாற்ற வேண்டியதில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு சாக்ஸாகிளிப்டின் வேண்டாம்.

ஊசிக்கு முன் விழித்திரைப் பரிசோதனை அவசியம். 2016-இல் வந்த சஸ்டெய்ன்-6 ஆய்வில் விழித்திரைச் சிக்கல் செமாகுளுடைடு போட்டவர்களில் 3.0 சதவீதம், போலி மருந்தில் 1.8. ஏற்கெனவே விழித்திரை பாதித்தவர்களுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசியே கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் செமாகுளுடைடை 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகும் 4 வாரத்துக்குக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. மெலிந்த உடம்பு, சிறு வயதிலிருந்தே வயிற்று வலி, எண்ணெய் மிதக்கும் மலம் என்றால் முதலில் கணையக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது தெரிந்த நோய்தான். அவர்களுக்கு வேண்டியது இன்சுலின். எடை குறைக்கும் ஊசி கெடுதல்தான் செய்யும்.

உணவு ஆலோசகர்

"கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்" என்றால் யாருக்கும் புரிவதில்லை. நாலு இட்லி சாப்பிடுகிறவர் தட்டில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், முதலில் அவித்த முட்டையோ சுண்டலோ. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் போதும் என்ற உணர்வு முன்பே வந்துவிடும். அதற்கு அடுத்த கவளம்தான் வாந்தியாகிறது. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். ஊசி போட்ட முதல் இரண்டு நாளில் பிரியாணி, பூரி, நெய்ப் பொங்கல் வேண்டாம். கொழுப்பு இன்னும் நேரம் தங்கி, அழுகிய முட்டை வாடையில் ஏப்பம் வரும்.

பசியே இல்லை என்று காபியும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிறவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைக் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது வேண்டும், சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20-ஐ ஒட்டி. நாலைந்து நாள் மலம் இறுகினால் தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள், மலச்சிக்கலே பாதி குமட்டலுக்குக் காரணம்.

சர்க்கரை நோய் மருத்துவர்

ஒன்று சேர்க்கிறேன். வாந்தி நிற்காமல் தண்ணீரும் தங்காத நாளில் மெட்ஃபார்மினையும், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின் உள்ளே இருந்தால் சர்க்கரை 180 காட்டும்போதே கீட்டோன் ஏறியிருக்கலாம். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம், கேஸ் என்று சோடா குடித்து நேரம் கடத்தக் கூடாது. அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் கடைசி ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். இரவு முழுக்கப் பட்டினி இருந்தும் இரைப்பையில் சோறு இருக்கலாம்.

மருந்தாளுநர்

செமாகுளுடைடு மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாமல், அதாவது 120 மி.லி.க்குள் தண்ணீர், முழுசாக விழுங்கி 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் கூடினாலும் காபி கலந்தாலும் மருந்து உடம்பில் சேராது. தைராய்டு மாத்திரையும் அதே வெறும் வயிற்றைக் கேட்கும். இரண்டையும் ஒரே வாயில் போடாமல், தைராக்சினை இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்து மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பேனா பெட்டியில் "30 டிகிரிக்குள்" என்று இருப்பதை "வெளியே வைக்கலாம்" என்று படிக்கிறார்கள். மே மாதம் நம் வீட்டு அலமாரியே 34, 35 காட்டும். ஃப்ரிட்ஜின் நடுத் தட்டுதான் சரியான இடம். ஃப்ரீசருக்கு அடியில் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். உறைந்தது திரும்ப உருகினாலும் போடக் கூடாது, பார்க்கத் தெளிவாகவே இருக்கும், ஏமாறாதீர்கள். பயணத்தில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, பேனாவில் நேரே படாமல் வையுங்கள். மின்சாரம் போகும் ஊரில், திறந்த பேனாவைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஈரமான மண்பானைக்குள் ஒரு நாள் சமாளிக்கலாம், உள்ளே வெப்பமானி வைத்து 30-ஐத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொண்டு. திறக்காத பெட்டிக்கு அது உதவாது. திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதி ஒட்டுங்கள்: ஓசெம்பிக் 56 நாள், குவிக்பென் 30 நாள்.