கும்பல் சின்னத்துக்குத் தடை: ஆஸ்பத்திரி வாசலோடு நின்றிருக்கலாமா?

தெற்குச்சீமை:
நியூசிலாந்தில் 2013-ல் ஒரு சட்டம் வந்தது. அரசு அலுவலகம், நகரசபைக் கட்டடம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதிலும் ரவுடிக் கும்பல்களின் சின்னம் போட்ட ஜாக்கெட்டோடு நுழையக்கூடாது. மீறினால் அப்போது 2000 டாலர் வரை அபராதம். 2024 நவம்பர் 21 முதல் தடையைத் தெருவுக்கும் நீட்டிவிட்டார்கள். 5000 டாலர் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. என்னைக் கேட்டால் இரண்டுமே வீண். பச்சை குத்தியதற்குத் தடை இல்லை. கன்னத்தில் கும்பலின் நாய்முகம் குத்தியவன் ஜாக்கெட்டைக் கழற்றினால் மட்டும் பயம் போய்விடுமா?

மல்லிகா நர்ஸ்:
தம்பி, பயம் போகாது, சண்டை குறையும். நான் ஒரு அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2013 சட்டம் வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கை கிழிந்து ஒருவன் வந்து உட்கார்ந்தான். முதுகில் சிவப்பில் புல்டாக், மங்க்ரல் மாப் கும்பல். கொஞ்ச நேரத்தில் நீலத்தில் முஷ்டிச் சின்னத்தோடு எதிர்க் கும்பலான பிளாக் பவர் ஆள் ஒருவன். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. ஆனால் காய்ச்சல்காரப் பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி, நாற்காலியை விட்டு எழுந்து குழந்தையைத் தோளில் போட்டபடி சுவரோரம் போய் நின்றுகொண்டார். கூப்பிடும்வரை உட்காரவே இல்லை. அந்த நாற்காலி அவருக்கும் சொந்தம்தானே?

தெற்குச்சீமை:
அக்கா, அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் நான் இளைஞர்களோடு வேலை பார்க்கிறவன். சின்ன வயதில் அரசு இல்லங்களில் அடைபட்டு அடிவாங்கிய பையன்கள்தான் பலர் இந்தக் கும்பல்களில் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் வந்த ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை இதை விரிவாகச் சொல்கிறது. அவர்களுக்கு அந்த ஜாக்கெட்தான் குடும்பம். அதைக் கழற்று என்றால் கிழிந்த கையோடு வீட்டிலேயே கிடப்பான், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான்.

கரையோரம்:
நடுவில் வருகிறேன். வாங்கனுயி நகரத்தின் கதையை இருவரும் விட்டுவிட்டீர்கள். 2007-ல் அங்கே கும்பல் பகையில் ஒரு வீட்டை நோக்கிச் சுட்டதில் 2 வயதுக் குழந்தை செத்தது. ஊரே கொதித்தது. 2009-ல் கும்பல் சின்னத்தைத் தடுக்க அந்த நகரத்துக்கென்றே தனிச் சட்டம். அதை வைத்து நகரசபை போட்ட விதியை 2011-ல் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது, தடை ஊரின் பெரும்பகுதிக்கும் நீண்டிருந்ததால். அதன் பிறகுதான் ரோட்டோருவா எம்.பி. டாட் மெக்லே கொண்டுவந்த மசோதா, அதாவது அந்த 2013 சட்டம், கட்டடங்களோடு நின்றது. அளவு தெரிந்து எழுதிய சட்டம் அது. 2024-ல் அந்த அளவை மீறிவிட்டார்கள். குடிமக்களின் அடிப்படை உரிமைச் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அரசின் அட்டர்னி ஜெனரல் ஜூடித் காலின்ஸே அறிக்கை கொடுத்தார், இருந்தும் நிறைவேற்றினார்கள்.

மல்லிகா நர்ஸ்:
தெருவைப் பற்றி நான் வாதாட வரவில்லை. சின்னம் காட்டியதற்காக 5 வருஷத்துக்குள் மூன்று முறை தண்டனை பெற்றவன் வீட்டுக்குள்கூட அதை வைத்திருக்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வருமாம். அது எனக்கே அதிகம் என்று படுகிறது. ஆனால் ஆஸ்பத்திரி வேறு. இஷ்டப்பட்டு யாரும் அங்கே வருவதில்லை, பயந்தால் எழுந்து போகவும் முடியாது.

தெற்குச்சீமை:
சரி, கழற்றச் சொல்வது யார்? எப்படிச் சொல்வது? அதைத்தான் கேட்கிறேன்.

மல்லிகா நர்ஸ்:
எங்களிடம் வயதான காவலாளி ஒருவர் இருந்தார். சட்டம் வந்த பிறகு, நோயாளியின் துணிமணி போடும் பை ஒன்றை நீட்டி, "உள்ளே பத்திரமா இருக்கும், போகும்போது வாங்கிக்கோ" என்பார். தையல் போட்டு வந்ததும் அவரே எடுத்துக் கொடுப்பார், சின்னம் உள்பக்கம் மடிந்திருக்கும். ஒருவன்கூட அவரிடம் முறைத்து நான் பார்க்கவில்லை.

தெற்குச்சீமை:
அப்படி ஒருவர் நிற்கிற வாசல் என்றால் எனக்கு மறுப்பு இல்லை, அக்கா. தெருவில் போலீஸ் அதைப் பறிமுதல் செய்கிறது. திருப்பித் தர அங்கே பை இல்லை.