மறு: ‘பாதுகாப்பு உணர்வு இழப்பு’ சரியான சொல்தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்புக் கையேட்டில், காலில் அடிபட்டாலும் தெரியாமல் போகும் நிலையைக் குறிக்கும் ‘loss of protective sensation’ என்பதற்கு ‘பாதுகாப்பு உணர்வு இழப்பு’ என்று போடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பாதுகாப்பு உணர்வு இல்லை என்றால் ஆள் பயந்துபோயிருக்கிறார் என்றுதான் தமிழில் பொருள். இங்கே காலில் முள் ஏறினாலும் தெரியாததால் அவர் நிம்மதியாக இருக்கிறார். ஆபத்தே அதுதான்.

காலில் இந்த உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என் அம்மாவுக்கு நடந்தபோது பக்கத்தில் இருந்தேன். தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை (மோனோஃபிலமென்ட்), 10 கிராம் விசையில் வளைவது. முதலில் கையில் தொட்டுக் காட்டினார் நர்ஸ். அப்புறம் கண்ணை மூடச் சொல்லி, “தொட்டா சொல்லுங்கம்மா” என்று கால் கட்டைவிரலின் அடியில் அழுத்தினார். இழை வில்லாக வளைந்து நின்றது. அம்மா இன்னும் தொடவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார். முந்தைய வாரம்தான் ஒரு செருப்பு வாசலிலேயே கழன்றது தெரியாமல் தெருமுனை வரை நடந்திருந்தார்.

இதற்குத்தான் பெயர் வேண்டும். ‘உணர்விழப்பு’ என்றால் மயக்கமாகிவிடும். ‘மரத்துப்போதல்’ எல்லோருக்கும் புரியும். ஆனால் சம்மணமிட்டு எழுந்தாலும் கால் மரக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ‘நரம்புத் தளர்ச்சி’யைத் தொடவே வேண்டாம், சுவரொட்டி விளம்பரங்கள் அதை வேறு பக்கம் இழுத்துப் போய்விட்டன.

முதலில் ‘காப்புணர்வு’ என்று எழுதிவைத்தேன். ஆனால் தோல் தடித்துப்போவதைக் காப்புக் காய்ப்பது என்கிறோமே! காய்ப்பின் மேல் இழையை வைக்கவும் கூடாது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

அதனால் என் முன்மொழிவு ‘காவலுணர்வு’. காவலுணர்வு இழப்பு, காவலுணர்வுச் சோதனை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) கால்விரல் எலும்பில் வைத்துப் பார்க்கும் ‘அதிர்வுணர்வு’க்குப் பக்கத்தில் பொருந்தி நிற்கும். நோயாளியிடமும், “கால்ல காவல் போயிடுச்சு, இனி தினமும் நீங்கதான் பாதத்தைப் பார்த்துக்கணும்” என்று சொல்லிவிடலாம்.

மோனோஃபிலமென்ட்டுக்கு ‘ஒற்றையிழை’ போதும். எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள், ‘10 கிராம் ஒற்றையிழை’ என்றே வரட்டும். வேறு அளவுகளிலும் இழை கிடைக்கிறது.