மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் எண்

படுத்த பிறகு பத்து நிமிடம் ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று போனை எடுப்பேன், நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று. ஒருநாள் இருநாள் இல்லை, வருடக்கணக்காக இப்படித்தான். இவ்வளவு நேரம் என்ன பார்த்தாய் என்று மறுநாள் கேட்டால் ஒன்றுகூட நினைவுக்கு வராது, அதுதான் என்னை ரொம்ப வருத்தியது.

முதலில் ஆண்ட்ராய்டு போனில் ஆப்களுக்கு நேர வரம்பு வைக்க உதவும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் 30 நிமிடம் என்று வைத்தேன். நேரம் முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகிவிடும், ஆப் திறக்காது. ஆனால் செட்டிங்ஸுக்குள் போய் அந்த வரம்பையே எடுத்துவிட முடியும், ஒரே வாரத்தில் கை அதற்குப் பழகிவிட்டது. போதாததற்கு நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கும், நான் போனோடு விழித்திருப்பதே அந்த நேரத்தில்தான். ஐபோன் வைத்திருக்கும் என் தங்கைக்கும் இதே கதை, வரம்பு முடிந்தாலும் இன்னும் 15 நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அப்புறம்தான் மற்ற ஆப்களின் மேல் மிதக்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் போட்டேன். திரையின் வலது மூலையில் சின்னதாக நிமிடமும் நொடியும் ஓடும், அவ்வளவுதான், எதையும் தடுக்காது. முதல் நாள் இரவு யாரோ ஒருவர் உடைந்த நாற்காலிக் காலை ஒட்டிக்கொண்டிருந்தார், மூலையில் 07:12. அடுத்து ஒரு நாய்க்குட்டி, அடுத்து ஏதோ சண்டை. 14:50 என்று பார்த்தபோது மேலே தள்ளப் போன கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்! போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. திரையில் கடிகாரம் எப்போதும் இருக்கிறதுதான், ஆனால் நாம் எப்போது தொடங்கினோம் என்று அது சொல்லாது. இணையதளங்கள் பக்கம் பக்கமாக இருந்தபோது அடுத்ததைத் தட்டும் இடத்திலாவது ஒரு நிறுத்தம் இருந்தது. 2006இல் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அப்படித் தொலைந்துபோன நிறுத்தத்தைத்தான் இந்த எண் எனக்குத் திருப்பித் தருகிறது.

ஏறுமுகமாக ஓடும்படி வையுங்கள். இறங்குமுகமாக வைத்தபோது மீதி இருக்கும் நேரத்தையும் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும் என்றே மனம் போனது. இன்னொன்று, மூன்று வாரத்தில் கண் பழகி எண்ணே தெரியாமல் போனது, அதனால் அவ்வப்போது இடத்தை மாற்றுகிறேன், இப்போது நடுத்திரையில். படத்தை மறைக்கிறது, பரவாயில்லை.

சரி, ஆப் தேடுபவர்களுக்கு ஒன்று: மற்ற ஆப்களின் மேல் காட்டுவதற்கான அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். வெறும் ஸ்டாப்வாட்ச் உங்கள் தொடர்புகளையும் படங்களையும் கேட்டால் அதை உடனே நீக்கிவிட்டு வேறு பாருங்கள்.