"ஒரு சைன் தானேம்மா": வேண்டாம்னு சொல்ல வாய் வராத நேரங்கள்

மதுரைக்காரி:

எங்க ஆபீஸ் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துல லோன் போடணும்னா ரெண்டு பேர் ஜாமீன் வேணும். அடுத்த டேபிள் சார், பதினோரு வருஷப் பழக்கம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன், ஃபாரத்தைக் கொண்டு வந்து நீட்டினார். என் பேர், அப்பா பேர், ஊழியர் எண் எல்லாம் அவரே எழுதியிருந்தார். கையெழுத்து போடுற இடத்துல பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி. "ஒரு சைன் தானேம்மா."

அந்தப் பென்சில் குறி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. எவ்வளவு தொகைன்னுகூட கேக்கல. கையைக் கழுவிட்டு வந்து போட்டுட்டேன். எட்டே மாசத்துல அவர் வேலையை விட்டுட்டுப் போயிட்டார். இப்ப என் சம்பளத்துல மாசம் 4,200 பிடிக்கிறாங்க. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். "நல்லா இருக்கியாம்மா?"ன்னு கேட்டார். "நல்லா இருக்கேன் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுதான் தூங்க விட மாட்டேங்குது.

சேலத்து மருமக:

எனக்கு ஆபீஸ்ல இல்ல, வீட்டுக்குள்ளயே. நாத்தனார் வீட்டுக்காரர் கடை வைக்கிறார்னு பேச்சு ஓடிட்டிருந்துச்சு. ஒரு நாள் குக்கரை இறக்கி வச்சிட்டு ரூமுக்குள்ள போறேன், பீரோ திறந்திருக்கு. அத்தை கையில என் ஆரம் வச்ச சிவப்பு வெல்வெட் பெட்டி. "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்"ங்கறாங்க. 5 பவுன். எங்கப்பா சீட்டு கட்டிச் சேர்த்தது.

எனக்குக் கை நடுங்குச்சு. ஆனா சொல்லிட்டேன்: "பெட்டியை வைங்க அத்தை. அடகு வைக்கணும்னா நானே வர்றேன், ரசீது என் பேர்லதான் இருக்கணும்." பெட்டியைக் கட்டில்ல வச்சிட்டு வெளிய போனவங்க, ரெண்டு வாரம் என்கிட்ட பேசல. கடைசியில நானே போய் வச்சேன். ரசீது என்கிட்ட இருக்கு. நாத்தனார் வட்டி கட்டுறாங்க. பாதி ஜெயிச்சேனா பாதி தோத்தேனான்னு இன்னும் தெரியல.

பழைய பேங்க்காரன்:

1998இல் சித்தப்பா மகனுக்கு ஜாமீன் போட்டு, என் பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த வைப்பு நிதியை உடைத்துக் கட்டினேன். அவன் இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை. அதனால் சொல்கிறேன், தங்கைகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியாது. அந்தக் கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறலாம். நாளை நீங்கள் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது எதிரில் வந்து நிற்கும். கொடுத்து முடித்த கடனுக்குப் போட்ட ஜாமீனை நடுவில் "வாபஸ்" என்று கடிதம் எழுதித் திரும்பப் பெறவும் முடியாது.

ஆனால் மதுரைத் தங்கைக்கு வழி இருக்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 145: ஜாமீன்தாரர் முறைப்படி கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற உரிமை உண்டு. கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். சங்கத்தில் பிடித்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகையைத் தொலைக்காதீர்கள்.

சேலத்துத் தங்கைக்கும் ஒன்று. சீதனம் பெண்ணின் முழுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. மாமியாருக்கோ கணவருக்கோ அதில் பங்கு இல்லை.

தனிவழி:

சேலம் சிஸ்டர், ரசீது உங்க பேர்ல இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. நாத்தனார் வட்டியை நிறுத்திட்டா ஏல நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். நீங்க ஜெயிக்கல. மதுரை அக்கா, நீங்க நேராவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தைதானே.

கொங்குப் பொண்ணு:

ஒரு வார்த்தைதான்னு சொல்றது ரொம்ப சுலபமுங்க. பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவரு, பேரெல்லாம் எழுதிட்டு வந்து நிக்கறப்ப அந்த ஒரு வார்த்தை வராதுங்க. அவரு கேக்கவே இல்லியே, முடிவு பண்ணிட்டுல்ல வந்திருக்காரு.

என்ற கதையும் அப்படித்தானுங்க. ராத்திரி பால் பாத்திரம் கழுவிட்டிருக்கேன், எங்க வீட்டுக்காரரு சாதாரணமா கேக்கறாரு: "உன்ற தங்கச்சிக்கு நாள் தள்ளிப் போயிருக்குதாமா?" அவ அதை அன்னிக்கு மத்தியானம் எனக்கு மட்டும் மெசேஜ்ல சொன்னது. ரெண்டு தடவை கலைஞ்சதால, மூணு மாசம் முடியற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதக்கான்னு அழுதுட்டுச் சொன்னா. அம்மாவுக்கே நான் சொல்லல. குழாயை மூடாம அப்படியே நின்னுட்டேன். அப்பறம் போனை எடுத்து வாட்ஸ்அப்ல இணைக்கப்பட்ட சாதனங்கள்னு இருக்கறதைத் திறந்தா, அவரோட லேப்டாப். கடைசியா பாத்தது சாயங்காலம் 4:10.

அவரு கெட்டவரு இல்லீங்க. "நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?"ன்னு நெசமாவே புரியாமத்தான் கேட்டாரு. எனக்குக் கோவத்துல வார்த்தையே வரல. ரொம்ப நேரம் கழிச்சு, "எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்லீங்க. ஆனா அது என்ற ரகசியம் இல்ல, அவளோடது"ன்னு சொன்னேன். அவரே எந்திரிச்சுப் போயி லாக் அவுட் பண்ணிட்டு வந்தாரு. தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல. சொல்லோணுமா வேண்டாமான்னு தெரியல.

மதுரைக்காரி:

கொங்குப் பொண்ணு, "முடிவு பண்ணிட்டு வந்திருக்காரு"ன்னு நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். நன்றிம்மா.

பேங்க் அண்ணா, இன்னிக்கு சங்கத்துல போய்ப் பிடித்தக் கணக்கை எழுதி வாங்கிட்டேன். 7 மாசம், 29,400. சாயங்காலம் சாருக்குப் போன் பண்ணேன். ரிங் போச்சு, எடுக்கல. நாளைக்குக் காலையில தபாலாபீஸ் போறேன்.