‘லாக்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது? – கால்வாய்க் கலைச்சொல் இழை

பர்மிங்காமிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை முடித்தாக வேண்டும். எங்கள் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் சேர்ந்து ஆகஸ்டில் வுஸ்டர்–பர்மிங்காம் கால்வாயில் படகில் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் வருவதால் பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். படகுக்கு ‘ஒல்லிப்படகு’ என்று போட்டுவிட்டேன். 7 அடிகூட அகலமில்லாமல் 70 அடி வரை நீண்டு கிடப்பதற்கு வேறு சொல் தேட மனம் வரவில்லை.

சிக்கல் ‘லாக்’கில்தான். கால்வாய் மேடேறும் இடத்தில் செங்கல் தொட்டி ஒன்று, அதன் இரு முனையிலும் கதவு. படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்பக்கத்தில் தண்ணீரைத் தடுக்கும் பலகையைத் தூக்கினால் தொட்டி நிறைந்து படகு தானாக உயரும். இந்தக் கால்வாயில் டார்டபிக் என்ற இடத்தில் இப்படி 30 தொட்டிகள், மொத்தம் 220 அடி ஏற்றம். ‘அடுத்த பூட்டு வருகிறது’ என்றேன். என் மாமியார் ‘சாவி யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்டார்.

கோவையிலிருந்து (ஓய்வுபெற்ற பொறியாளர்)

அம்மா, யாராவது ‘கதவணை’ என்று சொல்வதற்கு முன் தடுத்துவிடுகிறேன். அது மாயனூரில் இருப்பதுபோல ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டுவது. மதகு தண்ணீர் விடுகிற வாய், அதில் படகு போகாது. பக்கிங்காம் கால்வாயில் நீங்கள் சொல்கிற அமைப்பே இருந்தது. விஜயவாடாவில் தெலுங்குக்காரர்கள் இன்றும் ‘லாக்குலு’ என்கிறார்கள். நாமும் ‘லாக்கு’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தஞ்சாவூரிலிருந்து (தமிழாசிரியர்)

குறையும் ஐயா. சொல் இல்லாத மொழியா நம்முடையது? ‘பூட்டு’ சாவிக்கு மட்டும் உரியதில்லை. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். பிரிந்து நிற்பதை இணைப்பதே பூட்டுதல். செய்யுளின் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் சேர்ந்து பொருள் தருவதைப் பூட்டுவிற் பொருள்கோள் என்று படித்தோமே! மேல்நீரையும் கீழ்நீரையும் இணைப்பது ‘நீர்ப்பூட்டு’. இதைவிடப் பொருத்தம் எது?

இன்னொன்று. நீங்கள் ‘பலகை’ என்று எழுதியதற்கு ஓரெழுத்துச் சொல்லே இருக்கிறது: ஓ. சிலப்பதிகார நாடுகாண் காதையில் ‘காவிரிப் புதுநீர்க் கடுவரல் வாய்த்தலை ஓவிறந் தொலிக்கும் ஒலி’ என்று வருகிறது. மதகில் நீரைத் தாங்கும் பலகைதான் ‘ஓ’ என்பது உரை. உங்கள் கால்வாயில் பலகையைத் தூக்கியதும் தண்ணீர் சீறுமே, அந்த ஒலியை நம் புலவர் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்.

டொரன்டோவிலிருந்து

ஆசிரியர் சொன்ன ‘ஓ’ வடிவான சொல். ஆனால் கரையில் நின்று ‘ஓ-வைத் தூக்கு’ என்று கத்தினால் என்ன விளங்கும்? நான் ‘படகுப்படி’யை முன்வைக்கிறேன். 30 தொட்டிகளையும் தூரத்திலிருந்து பார்த்தால் படிக்கட்டு மாதிரித்தான் தெரியும். ‘நீர்த்தூக்கி’ என்று மட்டும் வேண்டாம். இங்கே பீட்டர்பரோவில் 1904-இல் திறந்த அமைப்பு, தண்ணீர்த் தொட்டியையே படகோடு சேர்த்து 65 அடி தூக்குகிறது. ‘தூக்கி’யை அதற்கு விட்டுவைப்போம்.

பர்மிங்காமிலிருந்து

மூவருக்கும் நன்றி. ‘படகுப்படி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் நேற்றிரவு அதை நீக்கிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன கோடையில் நாங்கள் டார்டபிக்கில் இறங்கினோம். நல்ல வெயில். படகின் இரும்புக் கூரையில் கை வைக்க முடியவில்லை. கதவைத் திறக்க நீளமான மரக்கை ஒன்று உண்டு. அதில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். கால் வழுக்காமல் இருக்கத் தரையில் செங்கல்லை வரிவரியாகப் பதித்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு கதவு தள்ளியதும் எல்லாருக்கும் கவனம் போய்விட்டது. நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். மேல்கதவுக்கு அடியில் கல்மேடை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருக்கும்போது கண்ணில் படாது. தண்ணீர் இறங்க இறங்க அது எனக்குப் பின்னால், ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல், பாசியும் ஈரமுமாக வெளியே வந்தது. படகின் பின்பக்கம் அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் கவிழ்ந்து தண்ணீர் ஏறிவிடும். கரையிலிருந்து என் கணவர் ‘படி! படி! முன்னாடி போ!’ என்று கத்தினார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் வாயில் வந்த சொல் அது. கதவுக்குக் கீழே இருப்பது நிலைப்படிதானே!

ஆகவே ‘படி’யை அந்தக் கல்லுக்கே கொடுக்கிறேன். தொட்டியையும் ‘படி’ என்றால், கத்தும்போது எந்தப் படி என்று யோசிக்க நேரம் இருக்காது. தலைப்பில் ‘நீர்ப்பூட்டு’, கரையிலிருந்து கூப்பிடும் வரிகளில் ‘லாக்’. பலகை பலகையாகவே இருக்கட்டும்.

கோவையிலிருந்து

என் ஓட்டு அதற்கே. தண்ணீர்ச் சிக்கனத்துக்கும் ஒரு வரி சேருங்கள் அம்மா. இந்தக் குறுகலான தொட்டியிலேயே ஒவ்வொரு முறையும் 1 லட்சம் லிட்டருக்கு மேல் கீழே இறங்கிப்போகும். 2025 கோடையில் ஏரிகள் வற்றி லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதியை மூட வேண்டியதாயிற்று. எதிரே படகு வந்தால் காத்திருந்து, அது நிரப்பிய தண்ணீரிலேயே இறங்கச் சொல்லுங்கள்.

டொரன்டோவிலிருந்து

சரி, நானும் விட்டுக்கொடுக்கிறேன். ‘படகுப்படி’ சிறுவர் பாடத்துக்கு உதவும்.

தஞ்சாவூரிலிருந்து

‘நீர்ப்பூட்டு’ தலைப்பிலாவது நின்றதில் மகிழ்ச்சி. ‘நிலைப்படி’ அருமை அம்மா. நூல் தேடி நான் கொண்டுவந்ததைவிட, பதறிய வாயில் வந்தது நல்ல தமிழ். ஆனால் ‘ஓ’ விஷயத்தில் நான் உடன்படவில்லை. யாருக்கும் விளங்காது என்று ஒவ்வொருவரும் எடுத்துவைத்தால், விளங்கும் நாள் எப்போது வரும்? குறிப்பில் வேண்டாம், பிள்ளைகளிடம் மட்டும் சொல்லுங்கள். பலகை தூக்கும்போது தண்ணீர் எப்படி ஒலிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.