பிரியதத்தம் சொன்ன ஆச்சி

அக்டோபரில் மாதா சுரூபம் (மரியன்னை சிலை) வீடு வீடாக வரும்போது நடந்த அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள், என்னுடையதையும் சொல்கிறேன். ஊர் தூத்துக்குடி, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை.

எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த செபக் குழுவில், ஒரு நாளைக்கு ஒரு வீடு. சாயங்காலம் ஏழு மணிக்கு முந்தைய நாள் வீட்டிலிருந்து சுரூபத்தை எடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய் வைத்து, செபமாலை சொல்லி, கடைசியில் சுண்டலோ பிஸ்கட்டோ சாப்பிட்டுக் கலைவோம். சுமக்கிற வேலை எனக்கு, ஏனென்றால் அப்போது வேலை வெட்டி இல்லாமல் இருந்தவன் நான் ஒருத்தன்தான். பக்தியெல்லாம் பெரிதாகக் கிடையாது. எந்த வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்பதுதான் எனக்கு மனப்பாடம்.

கோடிவீட்டு ஆச்சிதான் பிரச்சினை. எல்லாரும் “அருள் நிறைந்த மரியே” என்று சொல்லும்போது ஆச்சி மட்டும் அதே செபத்தைப் பழைய தமிழில் “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” என்பார். இளசுகளுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தது, அதை ஒட்டிப் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது, அப்புறம் செபங்களில் இருந்த தமிழும் மாறிப்போயிற்று. சர்வேசுரன் கடவுள் ஆனார், அர்ச்சியசிஷ்டர் புனிதர் ஆனார், பலிபூசை திருப்பலி ஆயிற்று. ஆச்சி எதற்கும் நகரவில்லை. பழைய செபம் நீளம் வேறு, நாங்கள் ஆமென் சொல்லி அடுத்த மணியைத் தொட்டிருப்போம், ஆச்சி இன்னும் “மரண நேரத்திலும்” என்று இழுத்துக்கொண்டிருப்பார். இப்படிச் செபமாலையின் 53 மணிக்கும்!

வியாழக்கிழமை வந்தால் இன்னும் மோசம். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் செபமாலையின்போது தியானிக்கிற மறைபொருள்களில் (ஆச்சியின் தமிழில் தேவ ரகசியம்) ஒளியின் மறைபொருள்களைப் புதிதாகச் சேர்த்து அதை வியாழனுக்கு வைத்தார் அல்லவா, ஆச்சி அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. “வியாழக்கிழமைக்குச் சந்தோஷ தேவ ரகசியம்லா, யார் மாத்துனது?” என்று கேட்பார். போப் மாற்றினார் என்று சொன்னால், “அவருக்கு என்ன அவசரமோ” என்பார்.

ஒரு நாள் அன்பியத் தலைவிக்குப் பொறுமை போய்விட்டது. “ஆச்சி, ஒண்ணு எங்ககூடச் சேந்து சொல்லுங்க, இல்ல மனசுக்குள்ள சொல்லுங்க” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆச்சி பதில் பேசவில்லை. செபமாலையைச் சுருட்டி இடுப்பிலிருந்த வெற்றிலைப் பைக்குள் வைத்தார். அவருடைய மணிகளில் எப்போதும் புகையிலை வாசம்தான் அடிக்கும். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நாலாம் நாள் அவர் வீட்டு முறை. கதவைத் திறப்பாரா என்ற பயத்தோடுதான் சுமந்துகொண்டு போனேன். திறந்துதான் இருந்தது. முக்காலியில் வெள்ளைத் துண்டு விரித்து, இரண்டு சில்வர் டம்ளரில் அரிசி போட்டு மெழுகுவர்த்தி நட்டு, செவ்வந்திச் சரம் சுற்றி வைத்திருந்தார். “ஏ பிள்ள, இன்னைக்கு நான்தான் தொடங்குவேன்” என்று தலைவியிடம் சொல்லிவிட்டு, பழைய செபத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார்.

மறுபாதியை நாங்கள் சொல்ல வேண்டும். இருபது பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் அம்மா உட்பட எல்லாரும் வாயை அசைக்கிறார்கள், சத்தம் வரவில்லை.

அப்போது வாசல்படியிலிருந்து ஒரு குரல்: “அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேஸ்வரனுடைய மாதாவே…” திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா, நெற்றி நிறையக் குங்குமம், கையில் எங்களுக்காகக் கொண்டுவந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடமாகிவிட்டது. சர்வேசுரன் மட்டும் அவர் வாயில் சர்வேஸ்வரன் ஆகியிருந்தார், ஆச்சி திருத்தவில்லை. எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை, ஜூலை 26 அன்று பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் கொடிமரத்தடியில் பாலும் பழமும் வைக்கிற கூட்டத்தில் யார் எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. முதல் இரண்டு பத்தையும் அவர்கள் இருவரும்தான் சொன்னார்கள், மூன்றாவது பத்தில்தான் நாங்கள் தட்டுத் தடுமாறிச் சேர்ந்தோம்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்:

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் தலைவியை ரொம்பத் திட்டாதீர்கள். நான் மூன்று வருஷம் அன்பியப் பொறுப்பில் இருந்தவன். லைட்டை அணைத்துவிட்டு வீட்டில் ஆள் இல்லாத மாதிரி இருப்பார்கள், சீரியல் முடிந்து வாருங்கள் என்பார்கள், நமக்கும் எரிச்சல் வரும். எனக்கு உறுத்துவது வேறு விஷயம். திருவிழா வரி பாக்கி என்று ஒரு வீட்டைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டார்கள், நானும் சரி என்று தலையாட்டினேன். சுரூபம் அந்தத் தெருவைக் கடந்தபோது அந்த வீட்டு அம்மா கேட் பக்கத்தில் மெழுகுவர்த்தி கொளுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் நிற்காமல் போனோம். பாட்டுச் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

மன்னாரிலிருந்து ஒருவர்:

பிரியதத்தம் எண்டு வாசிச்சதும் அம்மம்மா ஞாபகம் வந்திட்டா. 2008 ஏப்ரலில சண்டை நெருங்கின நேரம் மடுக் கோயில் மாதா சுரூபத்தைத் தேவன்பிட்டி எண்ட ஊருக்குக் கொண்டுபோனவை, ஆகஸ்டிலதான் திரும்பி வந்தவ. நாங்களும் அந்த நேரம் தறப்பாள் (தார்ப்பாய்) கொட்டிலுக்குள்ளதான். செபமாலை எங்கயோ விழுந்திட்டுது, அம்மம்மா விரல் மடிச்சுத்தான் எண்ணுவா. புதுசும் பழசும் கலந்து சொல்லுவா, ஒருத்தரும் பிழை பிடிக்கேல்ல.

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்:

தூத்துக்குடி நண்பரே, தலைவி அப்புறம் என்ன செய்தார்? பாதியில் விட்டுவிட்டீர்களே.

தூத்துக்குடி நண்பர்:

மன்னிக்கவும், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, அதனால் ஓடிவிட்டேன். அதற்கடுத்த வியாழக்கிழமை தலைவியே ஆச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஆச்சி, இன்னைக்கு எந்த ரகசியம் சொல்லட்டும்?” என்று கேட்டார். ஆச்சி பிடிகொடுக்கவில்லை. “உங்க இஷ்டம்” என்றார். நாங்கள் ஒளியைச் சொன்னோம். அவர் சந்தோஷத்தைத்தான் சொன்னார், முன்பைவிடச் சத்தமாக.